அடியும் ஆதியும்

திருவண்ணாமலையை வலம் வரும் 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. ஊரின் பெயர் அது. ஊரிலுள்ள சிவன் கோயிலின் பெயரோ ஆதி அருணாசலேசுவரர் கோயில். ஆங்கிலத்தில் எழுதினால் அடியும் ஆதியும் ஒரே எழுத்துகளில் வந்துவிடும். அந்தக் குழப்பத்தில் ஊரையும் சேர்த்து ‘ஆதி அண்ணாமலை’ ஆக்கிவிட்டவர்கள் பலர். தமிழ்க் காதுக்கு வேறுபாடு தெளிவாகவே கேட்கும். அடி தமிழ்ச்சொல்: மலையின் அடிவாரம், காலடி, நடக்கும்போது எடுத்துவைக்கும் அடி. ஆதி வடசொல்: தொடக்கம், பழமை. ஒன்று இடத்தைச் சொல்கிறது, மற்றது காலத்தை. பெரிய கோயிலுக்கும் முந்தியது இது, பிரம்மனே நிறுவிய இலிங்கம் என்ற தலபுராணச் செய்தி ‘ஆதி’க்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஊர்ப்பெயர் அப்படி எதையும் கோரவில்லை. மலைக்குக் கீழே இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மக்கள் சமயங்களின் வேரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆதியைத்தான் தேடுகிறார்கள்: எது மூத்தது, எது கலப்பில்லாதது, எது முதலில் வந்தது. இந்தக் கேள்விகள் தவறான இடத்தில் தோண்டுகின்றன என்பது என் வாதம். ஒரு வழிபாட்டின் வேர் அதன் வயதில் இல்லை. யார், எந்த நாளில், எந்த இடத்தில், யாருக்காக எதைச் செய்தாக வேண்டும் என்ற முறையில் அது இருக்கிறது. திருவண்ணாமலை நமக்கு மிகவும் பழகிப்போன ஊர் என்பதால் அங்கே இது எளிதில் கண்ணில் படாது. மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களுடைய சமயத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் படும்.

யோருபா மக்கள் நைஜீரியாவின் தென்மேற்கிலும், அதையடுத்த பெனின், டோகோ நாடுகளிலும் வாழ்பவர்கள். நாலு கோடிக்குக் குறையாத தொகை. அவர்களுடைய மரபுச் சமயத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒலோடுமாரே என்ற பரம்பொருள் உண்டு. அவருக்குக் கோயில் கிடையாது, பூசாரி கிடையாது, திருவிழா கிடையாது. வழிபாடு முழுவதும் ஒரிஷா எனப்படும் தெய்வங்களைச் சுற்றியே நடக்கிறது. ஒரிஷாக்கள் 401 பேர் என்பது வழக்கு. அந்தக் கடைசி ஒன்று, கணக்கு முடியவில்லை என்பதைச் சொல்லும் ஒன்று. நம்மவர் மொய்ப்பணத்தில் சேர்க்கும் ஒரு ரூபாயைப்போல. ஓஷுன் ஓர் ஆறு. ஷாங்கோ இடிமின்னலின் தெய்வம், ஓயோ நாட்டை ஆண்ட அரசன் என்றும் சொல்லப்படுபவன். குடும்பத்துக்கு ஒரிஷா தந்தைவழியிலோ தாய்வழியிலோ வரும். நம் குலதெய்வத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செத்துப்போன முன்னோர் அடுக்கடுக்கான துணிக்கூடுகள் பூண்ட எகுன்குன் ஆட்டக்காரர்களின் உருவில் ஆண்டுதோறும் ஊருக்குள் திரும்பி வருவார்கள். ஒருவனுக்கு எந்த ஒரிஷா, எந்தப் படையல், எந்த விலக்கு என்பதை இஃபா குறிமுறை சொல்லும். பதினாறு பனங்கொட்டைகளைக் கைமாற்றி அள்ளி, 256 குறிகளில் எது விழுகிறதென்று கண்டு, அந்தக் குறிக்குரிய பாடல்களை மனப்பாடமாகச் சொல்பவர் பாபாலாவோ. அவர் பயிற்சி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஏட்டில் எழுதாமலே காக்கப்பட்ட பெரும் நூலகம் அது. யுனெஸ்கோ 2005இல் இஃபாவை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

இந்தச் சமயத்தை ஒரு கேள்வியோடு அணுகினால் உடனே சிக்கல் வருகிறது. யோருபாச் சமயம் எவ்வளவு பழையது? ‘யோருபா’ என்ற பெயரே அந்த மக்கள் எல்லோரையும் குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அது ஓயோ நாட்டாரை அயலார் அழைத்த பெயர்; மற்றவர்கள் இஃபே, இஜேபு, எக்பா என்று தத்தம் ஊர்ப்பெயரால் அறியப்பட்டார்கள். அடிமை வணிகத்திலிருந்து மீண்டு கிறித்தவராகித் திரும்பியவர்களும் மிஷனரிகளும் சேர்ந்து பெயரை விரித்தார்கள். பெயருக்கு ஆதி பிந்தியது. வழிபாட்டுக்கோ எண்ணற்ற தொடக்கங்கள், ஊருக்கு ஒன்று. ‘இந்து சமயம்’ என்ற பெயரின் வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான். எனவே ஆதியை ஒதுக்கி வைத்துவிட்டு, நடப்பதைப் பார்ப்போம்.

அண்ணாமலையார் கோயிலின் கார்த்திகைத் திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்குகிறது என்றுதான் நாளிதழ்கள் எழுதும். அதற்கு முன்பே மூன்று நாள் விழா நடந்து முடிந்திருக்கும். முதல் நாள் சின்னக்கடைத் தெரு துர்க்கையம்மனுக்கு, அடுத்த நாள் பிடாரிக்கு, மூன்றாம் நாள் விநாயகருக்கு. ஊரின் எல்லைத் தெய்வங்களை முதலில் நிறைவு செய்தாக வேண்டும்; பிடாரியிடம் உத்தரவு வாங்காமல் ஈசனுக்குக் கொடி ஏறாது. பத்தாம் நாள் மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்துக்கு உரிமையுடையவர்கள் சிவாச்சாரியார்கள் அல்லர். மீன்பிடித் தொழில் மரபில் வந்த பர்வதராஜ குலத்தார். பார்வதியைத் தங்கள் குலத்து மகளாகக் கொள்பவர்கள் அவர்கள். கோயிலுக்குள் அதிகாலையில் பரணி தீபம் ஏற்றுவது ஒரு கை, அந்தியில் மலைமேல் நெய்க்கொப்பரையைப் பற்றவைப்பது வேறொரு கை. திருவிழா முடிந்ததும் இன்னொன்று நடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, தீபத்துக்குப் பின்னும் தை மாதத் திருவூடலை ஒட்டியும், அண்ணாமலையாரே பல்லக்கேறி மலையை வலம் வருகிறார். கருவறையில் இலிங்கமாக இருப்பவர் எதற்காக வெளியே வந்து ஒரு மலையைச் சுற்ற வேண்டும்? தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறார் என்பது பக்தர்களின் அழகான விளக்கம். அந்த விளக்கத்துக்கு உள்ளேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது: மலைதான் மூலம், கோயில் அதற்குப் பதில் சொல்லக் கட்டப்பட்டது. கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிவைத்த பதினொரு நிலைக் கிழக்குக் கோபுரம்கூட அந்த மலைக்குக் கீழேதான் நிற்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று ஊருக்கு வந்து சேர்ந்த ரமணர் மலையே சிவம் என்று வலியுறுத்தியபோது புதிய கொள்கை எதையும் சொல்லவில்லை. பல்லக்கு தூக்கியவர்கள் அதைத் தோளால் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வல்லாள மகாராஜாவின் கதை இதைவிட நுட்பமானது. போசள அரசர் மூன்றாம் வல்லாளர் 14ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் திருவண்ணாமலையைத் தம் தலைநகரங்களில் ஒன்றாக வைத்திருந்தார்; 1340களில் மதுரைச் சுல்தானுடைய படையிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். இது வரலாறு. பிள்ளையில்லாத அந்த அரசனிடம் சிவனே குழந்தையாக வந்து மறைந்து, உனக்கு மகனாக இருந்து கடன் செய்வேன் என்று வாக்களித்தான் என்பது ஊர்க்கதை. அந்த வாக்கின்படி இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குச் சென்று அரசனுக்குத் திதி கொடுக்கிறார். பிறப்பிறப்பு இல்லாதவன் என்று சித்தாந்தம் சொல்லும் கடவுள், ஆற்றங்கரையில் ஒரு மனிதனுக்கு மகனாக நிற்கிறார். யோருபா நாட்டில் முன்னோர் முகமூடி பூண்டு தெருவுக்கு வருகிறார்கள். இங்கே கடவுள் மகன்வேடம் பூண்டு முன்னோருக்கு நீர்க்கடன் செய்கிறார். இரண்டிலும் அடிநாதம் ஒன்றே: செத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அந்தக் கடன் ஆண்டுக்கொருமுறை தேதி தவறாமல் வந்து நிற்கும். இந்தச் சடங்கின் வயது எழுநூறு ஆண்டுகளுக்குள்தான். அதனால் அதன் வேர் ஆழம் குறைந்ததென்று யாராவது சொல்ல முடியுமா?

பழமை என்பதே எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கு இதே மாவட்டத்தில் நல்ல சான்று கிடைக்கிறது. ஜவ்வாது மலையூர்களில் சிறு கோயில்களில் வழவழப்பான கைக்கோடரிக் கற்கள் சாமியாக வைத்து வழிபடப்படுகின்றன. புதிய கற்கால மனிதர் தீட்டிச் செய்த கருவிகள் அவை. நிலத்தை உழும்போது, காட்டில் நடக்கும்போது கிடைத்தவை. யோருபா நாட்டிலும் இதே நடக்கிறது. அங்கே நிலத்தில் கிடைக்கும் கற்கோடரிகள் ஷாங்கோ வானிலிருந்து எறிந்த இடிக்கற்கள். இடி விழுந்த இடத்தில் ஷாங்கோவின் பூசாரிகள் அவற்றைத் தோண்டியெடுத்துப் பீடத்தில் வைப்பார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போனதல்ல இந்த வழக்கம். கடலும் கண்டமும் நடுவே கிடக்கின்றன. கல்லைச் செய்தவனுக்கு அது மரம் வெட்டும் ஆயுதம். ஆயிரமாண்டுகள் கழித்துக் கண்டெடுத்தவனுக்கு அது தெய்வம். கல்லின் வயது ஒன்று, வழிபாட்டின் வயது வேறொன்று. கோடரியைத் தொல்லியலாளர் கையில் எடுத்தால் அவர் ஆதியைத் தொடுகிறார். ஊரார் கையில் எடுத்தால் அதை எங்கே வைப்பது, யார் எண்ணெய் பூசுவது, எந்தக் கிழமை படைப்பது என்ற கேள்விகள் எழுகின்றன. அந்தக் கேள்விகளுக்கு ஊர் சொல்லும் விடையே அதன் சமயம்.

செங்கத்துப் பக்கம் போனால் இது இன்னும் தெளிவாகும். மலைபடுகடாம் பாடும் நன்னனின் நாடு அது. அவனுடைய நவிர மலையில் ஒரு கடவுள் உறைவதாகவும் அப்பாட்டு சொல்கிறது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் அங்கே ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தொகுத்தே வெளியிட்டது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலக் கற்கள் அதில் உண்டு. கல்லைத் தேர்வது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று இதன் படிகளைத் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. ஆனால் இன்று அந்தக் கற்கள் பல வேடியப்பனாக நிற்கின்றன. கல்லில் பெயர் பொறித்த வீரன் யாரென்று பூசை செய்பவருக்குத் தெரியாது. எழுத்து வட்டெழுத்து, படிப்பார் இல்லை. தனி மனிதனின் நினைவு அழிந்து பொதுத் தெய்வம் ஆகிவிட்டது. ஆதி அறுந்துபோனது, அடி அப்படியே இருக்கிறது. பொங்கலும் சேவலும் வந்துகொண்டேயிருக்கின்றன.

ஓஷோக்போ நகரத்தை ஒட்டிய ஓஷுன் தோப்பு என் வாதத்துக்குப் பெரிய சோதனை. ஆற்றங்கரையில் சுமார் 75 எக்டேர் காடு; ஆண்டுதோறும் ஆகஸ்டில் அருக்பா எனப்படும் கன்னிப்பெண் படையல் நிறைந்த சுரைக்குடுக்கையைத் தலையில் சுமந்து ஆற்றுக்கு நடந்து செல்வாள். அவள் கால் இடறக்கூடாது என்பது ஊரின் வேண்டுதல். கரகம் எடுத்தவர்களைப் பார்த்திருக்கும் தமிழருக்கு அந்த மௌனமும் பதற்றமும் புரியும். தோப்பு 1965இல் நைஜீரியாவின் தேசிய நினைவுச்சின்னமானது; 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அங்கே காண்போரை மலைக்கவைக்கும் பெரும் சிற்பங்கள் பழையவை அல்ல. 1950இல் நைஜீரியாவுக்கு வந்த ஆஸ்திரிய ஓவியர் சூசான் வெங்கர், ஒரிஷா வழிபாட்டில் தீட்சை பெற்று, உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து சிமெண்டிலும் மண்ணிலும் உருவாக்கியவை. 2009இல் இறக்கும்வரை அவர் அந்த ஊரிலேயே வாழ்ந்தார். மரம்வெட்டுவோரும் மனைவிற்போரும் தோப்பை அரித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய உருவங்கள்தாம் அதற்கு வேலியாயின. ஆதியை அளவுகோலாக வைத்தால் அந்தச் சிற்பங்கள் போலி. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கற்பனை. அடியை அளவுகோலாக வைத்தால், அருக்பா நடக்கும் வழி காக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. காக்கப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலையிலும் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 2002இல் இந்தியத் தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துத் தன் பொறுப்பில் கொண்டுவர முனைந்தபோது ஊர் கொதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, முடிவில் கோயில் அறநிலையத் துறையிடமே நின்றது. எதிர்ப்பில் அரசியலும் கடைக்காரர்களின் கவலையும் இல்லாமல் இல்லை. என்றாலும் அடியில் கிடந்த அச்சம் உண்மையானது: நினைவுச்சின்னம் என்பது முடிந்துபோன ஒன்றைக் காக்கும் ஏற்பாடு, இங்கே எதுவும் முடியவில்லை.

ஆதியைத் தேடியவர்கள் மக்கள் சமயத்துக்குச் செய்த சேதம் சிறிதல்ல. அடிமையாக விற்கப்பட்டு மீட்கப்பட்டு 1864இல் ஆங்கிலிக்கப் பேராயரான சாமுவேல் அஜாயி கிரவுத்தர், விவிலியத்தை யோருபா மொழியில் பெயர்த்தபோது சாத்தானுக்கு எஷு என்ற சொல்லை எடுத்தார். எஷு வழிச்சந்திகளின் தெய்வம். மனிதர் இடும் படையலை மேலே கொண்டுசேர்க்கும் தூதன், குறும்பன், எல்லாச் சடங்கிலும் முதல் படையல் பெறுபவன். ஒரே சொல்லாட்சியில் அவன் பிசாசானான். தமிழகத்திலும் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூலில் சுடலையும் அம்மனும் பேய் வழிபாடாகவே பதிவானார்கள். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் 1916இல் வெளியிட்ட ஊர்த்தெய்வங்கள் பற்றிய நூலில் தகவல் மிகுதி, பரிவு குறைவு. பிறகு எதிர்த்திசையில் ஒரு மீட்பு முயற்சி வந்தது. போலாஜி இடோவு 1962இல் ஒலோடுமாரே பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல், யோருபாச் சமயம் உண்மையில் ஒரே கடவுளைத்தான் வணங்குகிறது, ஒரிஷாக்கள் அவருடைய பரவலான வெளிப்பாடுகள் என்று வாதிட்டது. நம்மூரில் பிடாரியைப் பார்வதியின் அம்சம் என்றும், முனியைச் சிவகணம் என்றும் எழுதும் தலபுராணங்களும் அதைத்தான் செய்கின்றன. இழிவுபடுத்தியவர்களும் உயர்த்திப் பிடித்தவர்களும் ஒரு கருத்தில் ஒன்றுபட்டார்கள்: கீழே தெரியும் வழிபாட்டுக்குப் பின்னால் இன்னொரு மூலம் இருந்தாக வேண்டும். அது பேயாகவோ பரம்பொருளாகவோ இருக்கலாம். ஆற்றுக்கும் மலைக்கும் தன்னளவில் மதிப்புண்டு என்பதை இரு தரப்பாலும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சைவர் ஒருவர் இங்கே மறுப்புச் சொல்லலாம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலத்தை, ஆகமமும் சித்தாந்தமும் விளங்கும் கோயிலை, எழுத்தில்லாத குறிசொல்லும் சமயத்தோடு ஒப்பிடுவது முறையா? பிடாரிக்கு முதற்பூசை செய்வதையும் ஆகமங்களே விதித்திருக்கின்றனவே? விதித்திருக்கின்றன, உண்மை. விதி இருப்பது வழக்கம் அதிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. நூலால் புறக்கணிக்க முடியாத வலிமையோடு வழக்கம் நின்றது என்பதற்கும் அதே விதி சான்றாகும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மாணிக்கவாசகருக்குச் சிறு கோயில் உண்டு. திருவெம்பாவையை அவர் இங்கே பாடினார் என்பது மரபு; மார்கழி விடியலில் ஒருத்தியை ஒருத்தி எழுப்பி நீராடப் போகும் பெண்களின் நோன்பே அதன் களம். பெண்கள் நீராடியது முதலில், பாட்டு பிறகு. இதில் மணிவாசகருக்குக் குறைவு எதுவும் இல்லை. இஃபாவின் 256 குறிகளும் இப்படித்தான் விளைந்திருக்கும்: முதலில் மனிதரின் நோய், வழக்கு, பிள்ளையின்மை; பிறகு அவற்றுக்கான பாடல். எழுத்து இல்லாமல் அத்தனையையும் காத்த மரபைச் சிந்தனையற்றது என்று சொல்வது, வேதத்தை வாய்வழியே காத்த நாட்டிலிருந்து வரும்போது சற்று வேடிக்கையாகவும் இருக்கிறது.

இன்னொரு தரப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். ஒற்றுமை இவ்வளவு இருந்தால் உறவும் இருந்திருக்க வேண்டாமா? செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும் கவிஞருமான செங்கோர் திராவிடருக்கும் கறுப்பு ஆப்பிரிக்கருக்கும் தொடர்பு தேடும் ஆய்வை ஊக்குவித்தார், க. ப. அறவாணன் டக்கார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி அந்தத் திசையில் எழுதினார். ஆர்வத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. யோருபா நைஜர்-காங்கோ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழோடு அதை இணைக்க மொழியியல் சான்று எதுவும் நிலைபெறவில்லை. இதுவும் ஆதிமோகம்தான். கரகமும் சுரைக்குடுக்கையும் ஒத்திருப்பதற்கு இரு பாட்டிகளும் ஒரே வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீரைத் தலையில் சுமந்து பழகிய பெண்கள் இரண்டு நாட்டிலும் இருந்தார்கள், அது போதும்.

எனக்கே கடினமாகத் தோன்றும் மறுப்பு வேறு. வேர் அடியில், இடத்தில் இருக்கிறது என்றால், இடத்திலிருந்து பிடுங்கப்பட்டவர்களின் சமயம் செத்திருக்க வேண்டும். கப்பலில் விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்ட யோருபா மக்கள் கியூபாவில் ஓஷுனைக் கோப்ரே அன்னையின் உருவிலும் ஷாங்கோவைப் புனித பார்பராவின் உருவிலும் வைத்துக் காத்தார்கள்; பிரேசிலில் கண்டோம்ப்ளே வளர்ந்தது. தமிழ் ஒப்பந்தக் கூலிகள் ரீயூனியனில் தீ மிதித்தார்கள். கயானாவில் மாரியம்மனையும் மதுரை வீரனையும் நிறுத்தினார்கள். டிரினிடாட் தீவில் ஒரிஷா வழிபாடும் ‘மதராசி’ மரபுக் காளி வழிபாடும் ஒரே மண்ணில் நடக்கின்றன. இரண்டிலும் அருள் வந்து ஆடுகிறார்கள், இரண்டும் மேல்தட்டாரின் முகச்சுளிப்பைச் சம்பாதித்திருக்கின்றன. ஓஷுன் ஆறு கூடவே போகவில்லை, அண்ணாமலையும் போகவில்லை. அப்படியானால் போனது எது? யாருக்கு முதல் படையல், யார் மேளம் தொடுவது, எத்தனை நாள் விரதம் என்ற முறை போனது. போன இடத்தில் வேறோர் ஆற்றை, வேறொரு மரத்தடியைப் பற்றிக்கொண்டது. அடி என்ற சொல்லுக்கு நிலத்தோடு காலும் பொருள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறான காட்சி பாங்காக்கில் உண்டு. அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவையைச் சிதைந்த ஒலிகளில், பொருள் அறியாமல், தலைமுறை தலைமுறையாக ஓதிவருகிறார்கள். பாட்டு கடல் கடந்துவிட்டது. விடியலில் கதவைத் தட்டிய பெண்கள் கடக்கவில்லை. அந்தச் சடங்கு மதிப்புக்குரியது. ஆனால் கயானாவின் மாரியம்மனோடு ஒப்பிட்டால் எதற்கு வேர் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

முறை என்ற சொல்லைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. யார் எதைச் செய்யலாம் என்பதைச் சொல்லும் அதே முறைதான் யார் உள்ளே வரக்கூடாது என்பதையும் சொல்லிவந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. மாவட்ட ஆட்சியர் முன்னிற்க, நூற்றுக்கணக்கான போலீசார் காவல் நிற்க நுழைந்தார்கள். அது ஆகமக் கோயில் அல்ல, ஊர்த்தெய்வத்தின் கோயில். நாட்டார் சமயம் என்றாலே சமத்துவம் என்று எழுதுபவர்கள் அந்த நாளின் புகைப்படங்களைப் பார்க்க வேண்டும். யோருபா மரபும் களங்கமற்றதல்ல. ஓயோவில் அரசன் இறந்தால் அவனுடைய குதிரைத் தலைவனும் சாக வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. 1940களின் நடுவில் நடந்த அத்தகைய நிகழ்ச்சியொன்றை வைத்தே வோலே சோயிங்கா 1975இல் தம் புகழ்பெற்ற நாடகத்தை எழுதினார். வேரை முறையில் காண்பதால் எல்லா முறையையும் காக்க வேண்டியதாகிவிடாதா? மாறாக, ஆதியை நம்புபவருக்குத்தான் அந்த நெருக்கடி. தொடக்கத்தில் இருந்ததே புனிதம் என்றால் தொடக்கத்தின் கொடுமையும் புனிதமாகும். முறை மனிதர் வைத்தது, மனிதர் மாற்றியுமிருக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளைத் தீக்குறியென்று அஞ்சிய யோருபா மக்கள் பின்னாளில் அவர்களையே தெய்வக்கொடையாகக் கொண்டாடி, இறந்த இரட்டையருக்கு இபேஜி என்ற மரப்பாவை செதுக்கி உணவூட்டினார்கள். தென்முடியனூரில் பொங்கல் வைத்த பெண்களும் புதிய தெய்வம் கேட்கவில்லை. அதே மாரிக்கு, அதே அடுப்பில், தங்கள் முறையைக் கேட்டார்கள்.

அண்ணாமலையின் பெயர்பெற்ற கதையில் பிரம்மன் அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தான், திருமால் பன்றியாகி அடியைத் தேடித் தோண்டினான். இருவரும் காணவில்லை. கண்டேன் என்று பொய் சொன்னவன் மேலே போனவன். தாழம்பூ அதற்குச் சாட்சி சொன்னது. அந்தப் பிரம்மனே அடி அண்ணாமலைக் கோயிலை நிறுவினான் என்று தலபுராணம் சொல்வதை ஒரு பிராயச்சித்தமாக எடுத்துக்கொள்ளலாம்; ஆதியைக் கண்டதாகச் சொன்னவனை அடிவாரத்தில் கொண்டுவந்து உட்காரவைத்த கதையாகவும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வாசிப்பு எனக்குப் பிடிக்கும். அதற்கு நூலாதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அதே மலை சரிந்து, அடிவாரத்து வீடொன்றின் மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐவர் குழந்தைகள். கிருத யுகத்தில் நெருப்பாகவும் திரேதாவில் மாணிக்கமாகவும் துவாபரத்தில் பொன்னாகவும் இருந்தது இப்போது கல்லாக இருக்கிறது என்று புராணம் சொல்லும் மலை, தான் கல்லும் மண்ணும்தான் என்று காட்டிய நாள் அது. தீபத்துக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. வல்லுநர் குழு வந்து மண்ணைப் பார்த்தது. பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. டிசம்பர் 13 அன்று கொப்பரையையும் நெய்யையும் திரியையும் சுமப்பவர்கள் மட்டும் ஈரப் பாறைகளில் கால் ஊன்றி மேலே போனார்கள். அந்தியில் தீபம் தெரிந்தது.